விசிலண்ணனின் வலது தோள்

நீச்சல் குளத்தில் அவரை எல்லோரும் விசிலண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். ஈரத் தரையில் ஓடினால் விசில், ஆழமான பக்கம் எட்டிப் பார்த்தால் விசில், கும்மாளம் கொஞ்சம் கூடினால் அதற்கும் விசில். குளத்தோரம் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து கவனிப்பதும், யாராவது மூழ்கினால் குதித்துத் தூக்குவதும்தான் வேலை. தான் அந்த நாற்காலியில் இருக்கும்வரை ஓர் உயிரும் போகாது என்று அவருக்கு ஒரு வீராப்பு.

அந்த வீராப்புதான் அவரை வம்பில் மாட்டிவிட்டது. ஊழியர்களுக்குள் நடந்த நீச்சல் போட்டியில், மற்றவர்கள் கைகாலை உதறி உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருக்க, "எனக்கெதுக்குங்க அதெல்லாம்? நான் தண்ணியிலயே பொறந்தவன்" என்று அப்படியே குதித்தார். பாதி தூரத்தில் வலது தோளில் ஏதோ சுரீரென்று இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு முதலாவதாகத்தான் வந்தார். மறுநாள் சட்டையைக் கழற்ற மனைவி வரவேண்டியதாயிற்று.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கும் பெண் அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஜவ்வுல கிழிசல் இருக்குண்ணா. பயப்படாதீங்க, ஆறிடும். அதுவரைக்கும் நீச்சல் கூடாது, கனம் தூக்கக் கூடாது. வேலையில சொல்லிடுங்க."

"சொல்லிடறேம்மா" என்றார். மனைவியிடம், அது வெறும் சுளுக்கு என்றார். மேனேஜரிடம் மூச்சே விடவில்லை. அந்த நாற்காலியில் இன்னொருத்தன் ஏறி உட்கார்ந்துவிட்டால் அப்புறம் இறங்குவானா என்ன?

அன்றிலிருந்து அவர் நிம்மதி போயிற்று. குளத்தில் யாராவது இருமினால் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். ஒரு தலை தண்ணீருக்குள் போனால், அது மேலே வரும்வரை இவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். யாரோ விளையாட்டாகக் கையை ஆட்டினால் உடனே விசில் உதட்டுக்குப் போனது. விசில் ஓயவே இல்லை. "என்னண்ணா, மூச்சு விட்டாக்கூட ஊதுவீங்க போல" என்று கேலி செய்தார்கள். அவரும் சிரித்து வைத்தார்.

பிசியோ பெண் ஒரு ரப்பர் பட்டை கொடுத்திருந்தாள். அதைக் கதவுப் பிடியில் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, மெதுவாக இழுக்க வேண்டும். இதெல்லாம் ஒரு பயிற்சியா என்று அவருக்கு எரிச்சல். வலி கொஞ்சம் அடங்கியதுமே ஆறிவிட்டது என்று தானாக முடிவு கட்டிவிட்டார். ஒரு காலையில், குளம் திறக்கும் முன், பயிற்சிக்காக வைத்திருக்கும் ரப்பர் பொம்மையை ஆழமான பக்கத்தில் போட்டுவிட்டுக் குதித்தார். ஆள் கனம் இருக்கும் பொம்மை. அடியிலிருந்து அணைத்துக்கொண்டு மேலே வருகையில் தோள் கத்தியால் கீறியதுபோல வலித்தது. பிடி விட்டுப்போனது. பொம்மை மெல்ல அடிக்குப் போய், முகத்தை மேலே காட்டிக்கொண்டு கிடந்தது. இடது கையால் ஏணிக் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, அப்போதாவது மேனேஜரிடம் போனாரா என்றால், இல்லை. நல்ல மனிதர்தான். ஆனால் பயம் வந்துவிட்டால் நல்ல மனிதர்கள் செய்கிற காரியம் இருக்கிறதே! நீளக் கம்பியின் கொக்கியால் பொம்மையை இழுத்தெடுத்து மூலையில் போட்டார். உலர்ந்த சட்டையை மாட்டிக்கொண்டு நாற்காலியில் ஏறிவிட்டார்.

அன்று சாயங்காலம் மனைவி மகளோடு வந்து நின்றாள்.

"இவளும் கத்துக்கட்டுங்க. மேல நீங்க இருக்கும்போது எனக்கென்ன பயம்?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள், மகள் ஆழமில்லாத பக்கத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு தொப்பென்று குதித்தாள். தண்ணீர் அவள் தலைக்கு மேல் மூடிக்கொண்டது. அடியில் கிடந்த பொம்மையின் முகம் அவருக்கு ஞாபகம் வந்தது. எழுந்து நின்று, மூச்சு முட்ட விசிலை ஊதினார்.

"எல்லாரும் வெளிய வாங்க! எல்லாரும்!"

மகளும் மற்றவர்களும் தண்ணீர் சொட்டச் சொட்டக் கரையேறினார்கள். மேனேஜர் அலறிப் புடைத்துக்கொண்டு ஓடிவந்தார். "யாருய்யா மூழ்கிட்டா?"

"யாருமில்ல சார். மூழ்கினா தூக்க ஆளில்ல."

வலது கையைத் தூக்கிக் காட்டினார். அது தோள் உயரம்கூட எழவில்லை.

தினமும் மகளைக் கூட்டிவரும் ஓர் அம்மா கூட்டத்திலிருந்து முன்னால் வந்தாள். நனைந்த மகளைத் துண்டோடு சேர்த்து அணைத்திருந்தாள். சத்தம் போடவில்லை.

"உங்க பொண்ணு எறங்கினதும் ஊதிட்டீங்க. நேத்து எம்பொண்ணு இதே தண்ணியிலதானே இருந்தா? நேத்து உங்க கை நல்லா இருந்துச்சா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மனைவி இவர் பக்கமே திரும்பாமல் மகளின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

மேனேஜர் திட்டித் தீர்த்தார். ஆனாலும் வீட்டுக்கு அனுப்பவில்லை; தோள் ஆறும்வரை நாற்காலியில் இன்னொருவரை ஏற்றிவிட்டு, இவரை டிக்கெட் அறையில் உட்காரவைத்தார். அங்கே ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டு, பிசியோ பெண் சொன்ன அளவுக்கு மட்டும், ஒரு தடவைகூட அதிகமாகாமல் இழுத்தார். அவசரப்படவே இல்லை. அவள் சரி என்று சொன்ன பிறகுதான் குளத்தில் இறங்கினார். பொம்மையை மேனேஜர் கண்ணெதிரே திரும்பத் திரும்பத் தூக்கிக் கொண்டுவந்து காட்டினார்.

நாற்காலிக்குத் திரும்பிய அன்று, பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்துத் தோளைச் சுழற்றச் சொன்னார். தானும் கூடவே சுழற்றினார். பிறகு மேலே ஏறி உட்கார்ந்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தண்ணீரில் இறங்கினார்கள். அந்த அம்மா மட்டும் மகளின் கையைப் பிடித்தபடி நாற்காலிக்கு அடியில் வந்து நின்றாள்.

"கையத் தூக்குங்க."

வலது கையைக் காதோடு ஒட்டி நேராகத் தூக்கினார். அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகுதான் மகளின் கையை விட்டாள்.

மறுநாளும் வந்து கேட்டாள். மறுநாளும் தூக்கினார்.