கட்டில் போட்ட கடை

திருப்பூருக்குப் போகும் வழியில், ஒரு கடைவீதி வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறேன். நடந்து வந்து பொருள் வாங்குபவர்களின் வசதிக்காகப் புது விதி வந்திருக்கிறதாம்: கீழே கடை, மாடியில்தான் குடியிருப்பு. இந்த வீட்டுக்காரருக்கோ காலில் மாவுக்கட்டு; கீழறைக் கட்டிலை விட்டு நகர முடியாது. விதிக்கு அதெல்லாம் தெரியுமா?

அவர் மனைவி அவசரமாக ஜன்னலில் பனியன்களைத் தொங்கவிடுகிறார்.

"ஆபீசர் வர்றாருங்க. கடை மாதிரி இல்லாட்டி இவரை மாடிக்குத் தூக்கோணும். பனியன் வாங்க வந்தவராட்டம் செத்த நில்லுங்க."

நான் ஒரு பனியனை இழுத்துப் பார்க்கிறேன்.

நடப்பவர்களுக்கான நடைபாதையில் ஜீப்பை ஏற்றி நிறுத்திவிட்டு அதிகாரி இறங்குகிறார். உள்ளே எட்டிப் பார்க்கிறார்.

"கட்டில்ல யாரும்மா?"

"கடை ஓனருங்க."

அதிகாரி ஜன்னலில் தொங்கும் பனியன்களைப் பார்க்கிறார். நோட்டில் 'கடை' என்று எழுதிக்கொண்டு, ஒரு பனியனைத் தொட்டுப் பார்க்கிறார்.

"தொண்ணூறு சைஸ் இருக்குதுங்களா?"