மேட்டுத் தெருவுக்கு வராத வெள்ளம்

இதை எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கடைக்கு வரும் மோட்டார்களில் கட்டித் தொங்கவிடும் அட்டைகளில்தான். யாருடையது, எந்தத் தேதியில் வந்தது, கொண்டுவந்தவர் என்ன கோளாறு சொன்னார் என்று மூன்று வரி. எங்கள் கிறிஸ்தவ வேதத்தில் வரும் பெருவெள்ளம் உலகம் முழுவதும் வந்ததா, ஒரு தேசத்துக்கு மட்டும் வந்ததா என்று படித்தவர்கள் எவ்வளவோ எழுதியிருப்பார்கள். கருகிய மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றிக் கட்டுகிறவனுக்கு அதில் என்ன வேலை என்று கேட்டால் பதில் இல்லை. ஒரு மனிதர் மேல் இருந்த ஆத்திரம்தான் என்னை அந்தக் கேள்விக்குள் இழுத்துவிட்டது. அது ஆறிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்.

என் கடை கிணத்துக்கடவில் இருக்கிறது. வீடு அங்கிருந்து உள்ளே தள்ளிய ஒரு ஊரில். மேட்டுத் தெரு, கீழ்த் தெரு என்று இரண்டே தெருக்கள். நடுவில் ஒரு ஓடை போகும். என் வீடு கீழ்த் தெருவில். இரண்டு தெருக்காரர்களும் ஒரே சபைதான். எங்கள் சபையில் போதகருக்கு அடுத்தபடியான மூப்பருக்கு மேட்டுத் தெருவில் மாடி வீடு, ஓடைக்கு அந்தப் பக்கம் தென்னந்தோப்பு. போன வருடக் கோடையில் அவர் தோப்பில் ஒரு பகுதியை வீட்டு மனைகளாகச் சைட் பிரித்தார். சைட்டுக்குப் பாதை வேண்டும் என்று லாரி லாரியாக மண் கொட்டி ஓடையை மூடினார். கீழ்த் தெருக்காரர் ஒருவர் போய்க் கேட்டதற்கு, "பத்து வருசமா தண்ணி வராத ஓடைங்க அது. ஆடு மேயறதுக்குத்தான் ஆவும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்த ஐப்பசியில் தண்ணீர் வந்தது. கொட்டிய மண்ணில் முட்டிக் கீழ்த் தெருவுக்குள் திரும்பியது.

காலையிலிருந்து விடாத மழை. என் மனைவி காரமடைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். வீட்டில் அம்மா மட்டும். முழங்கால் வலியால் அவரால் நான்கு அடி சேர்ந்தாற்போல் நடக்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்து நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அம்மா எப்படியோ சமையல் மேடையில் ஏறிக் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். மேலே தகரத்தின் ஓட்டை வழியாக மழை அவர் தலையிலேயே விழுந்துகொண்டிருந்தது. மடியில் அரிசி டப்பா. "இதையாச்சும் காப்பாத்திப்போட்டேன் கண்ணு" என்றார். நான்கு மணி நேரம் அப்படி உட்கார்ந்திருக்கிறார். நெஞ்சில் சளி கட்டி, பதினெட்டாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

கல்லறைத் தோட்டத்தில் மூப்பர் நான்கு வார்த்தை பேசினார். உயிர்களைக் காப்பாற்றப் பேழைக் கப்பல் கட்டிய காலத்தில் வெள்ளம் உலகம் முழுவதையும் மூடியது, நல்லவன் கெட்டவன் என்று தண்ணீர் பார்க்காது, எல்லாம் மேலே இருக்கிறவர் சித்தம் என்றார். "எங்க ஊட்டுக்குள்ளயும் முழங்கால் தண்ணிங்க. நாங்களும்தான் கஷ்டப்பட்டோம். இதுல யாரை யாருங்க குத்தஞ்சொல்றது?" என்று முடித்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஓடையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நானும் திறக்கவில்லை. நான்கு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. எங்கள் சபையில் சனிக்கிழமைதோறும் ஒரு வீட்டில் ஜெபக் கூட்டம் நடக்கும். வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு ஒரு வசனம் வாசிக்க வேண்டும். என் முறை வந்தால் மனைவியே இரண்டு வசனம் சேர்த்து வாசித்துவிடுவாள். அப்படிப்பட்டவன் நான். குழியில் மண் தள்ளும்போது மூப்பரின் வெள்ளைச் செருப்பைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அதில் ஒரு துளி சேறு இல்லை.

துக்கம் முடிந்து கடையைத் திறந்தேன். வெள்ளத்தில் நனைந்த மோட்டார்கள் சுவரோரம் அடுக்கியிருந்தன. அதில் ஒன்று மூப்பருடையது. வெள்ளம் வந்த மூன்றாம் நாளே அவரே காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருந்தார். அட்டையில் என் கையெழுத்தில் தேதியும், "வெள்ளத்தில் மூழ்கியது" என்ற வரியும் இருந்தன. அவர் சொன்னதை அப்படியே எழுதியிருந்தேன். அம்மாவுக்கு முடியாமல் இருந்ததால் அப்போது பிரித்துப் பார்க்கவில்லை.

வெள்ளத்தில் மூழ்கிய மோட்டாரைப் பிரித்தால் யாரும் சொல்ல வேண்டியதில்லை. காயிலுக்கு இடையில் மாவு போல வண்டல் படிந்திருக்கும். உள்ளே சுழலும் ரோட்டரில் துரு பூத்திருக்கும். குட்டை நாற்றம் கையில் இரண்டு நாள் போகாது. மூப்பரின் மோட்டாரில் அது ஒன்றுமே இல்லை. பேரிங் இறுகி, காயில் கருகியிருந்தது. வயர் சேர்க்கும் பெட்டியின் மூடியைக் கழற்றினேன். மூடியின் உட்புறம் ஒரு குளவிக் கூடு. மண்ணால் கட்டியது, கட்டை விரல் பருமன், முழுதாக இருந்தது. குஞ்சு வெளியேறிய ஓட்டைகள்கூட அப்படியே இருந்தன.

அந்த மோட்டார் அவர் வீட்டு வாசலில், தண்ணீர்த் தொட்டி ஓரமாக, ஒரு செங்கல் உயர மேடையில் இருப்பது. அதைப் பொருத்தியதே நான்தான். அங்கிருந்து மூன்று படி ஏறித்தான் வீட்டுக்குள் போக வேண்டும். வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் என்றால் மோட்டார் இடுப்பளவுத் தண்ணீரில் மூழ்கியிருக்க வேண்டும். ஆனால் வெறும் மண் கூடுகூடக் கரையாமல் இருக்கிறது.

அன்று எனக்கு வந்தது துக்கம் இல்லை. சந்தோஷம். புது மூடி போட்டு, அவர் மோட்டாரை நன்றாகவே கட்டிக் கொடுத்தேன். தொழிலில் வஞ்சம் வைக்கக் கூடாது. பழைய மூடியை ஒரு காலி வார்னிஷ் டப்பாவில் பஞ்சு வைத்துப் பத்திரப்படுத்தினேன். அட்டையையும் அதற்குள் போட்டேன்.

இதற்கிடையில் கீழ்த் தெருவில் ஏழு குடும்பங்கள் சேர்ந்து ஓடையைத் திறக்கச் சொல்லித் தாலுக்கா ஆபீசுக்கு மனு எழுதினார்கள். சபையும் இரண்டு தெருவும் கையெழுத்துப் போட்டால்தான் அந்த மனுவுக்கு மதிப்பு. மூப்பர் மறுத்தார். எல்லாருக்கும் வந்த வெள்ளத்துக்கு எதற்கு மனு என்றார். அவர் போடாமல் மேட்டுத் தெருவில் ஒருவரும் போடவில்லை. அடுத்த ஐப்பசிக்குள் ஓடை திறக்காவிட்டால் மறுபடியும் எங்கள் வீடுகளுக்குள்தான் தண்ணீர் வரும்.

நான் அப்போதே டப்பாவைக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. ஜெபக் கூட்டம் வீடு வீடாக முறை வைத்து நடக்கும். மூப்பர் வீட்டு முறை ஆனியில்தான் வரும். அந்த வீட்டில், அந்தக் கூடத்தில், அவர் நாற்காலிக்கு எதிரில் நடக்க வேண்டும் என்று எட்டு மாதம் காத்திருந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் அவருக்கு வணக்கம் சொன்னேன். அவரும் "என்னுங்க தம்பி, தொழில் எப்படிப் போவுது?" என்று கேட்பார். "நல்லாப் போவுதுங்க" என்பேன்.

எங்கள் சபையில் கேள்விப் பெட்டி ஒன்று உண்டு. சந்தேகம் இருந்தால் பெயர் போடாமல் சீட்டு எழுதிப் போடலாம். போதகர் அந்த வாரக் கூட்டத்தில் பதில் சொல்வார். மூப்பர் வீட்டு முறைக்கு முந்தின ஞாயிறு, இடது கையால் ஒரு சீட்டு எழுதிப் போட்டேன். வெள்ளம் உலகம் முழுக்க வந்ததா, ஒரு தேசத்துக்கு மட்டுமா?

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கூடம் நிறைந்து வாசல்வரை ஆட்கள் இருந்தார்கள். போதகர் சின்ன வயதுக்காரர். சீட்டைப் படித்துவிட்டு இரண்டு பக்கத்தையும் சொன்னார். மலைகளுக்கு மேலே பதினைந்து முழம் தண்ணீர் நின்றது என்று இருப்பதால் உலகம் முழுக்க என்று சிலர் நினைக்கிறார்கள். எழுதியவர் தன் கண்ணுக்கு எட்டிய நாட்டைத்தான் சொன்னார் என்று சிலர். எப்படி எடுத்துக்கொண்டாலும் விசுவாசம் போய்விடாது என்றார்.

மூப்பருக்கு அது போதவில்லை. "மலையே மூழ்கிருக்குதுங்க. வெள்ளியங்கிரி மலை மூழ்குச்சுன்னா கோயமுத்தூரு தப்பிக்குமா, பொள்ளாச்சி தப்பிக்குமா? உலகம் பூராந்தான் வந்துச்சு. இதுல என்ன சந்தேகம்?"

தேங்காய் நார் கம்பெனியில் வேலை செய்யும் எங்கள் தெரு அக்கா ஒருத்தி இருக்கிறாள். வாய் சும்மா இருக்காது. "அப்ப அந்தக் கங்காரு எல்லாம் எப்படிங்க பேழைக்கு வந்துச்சு? எந்த பஸ் ஏறி வந்துச்சு?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்க அம்மணி. கடவுள் கூட்டிட்டு வந்திருப்பாரு" என்றார் மூப்பர். பிறகு நான் எதிர்பார்த்த இடத்துக்கு அவராகவே வந்தார். "ஏன், போன ஐப்பசில பாக்கலீங்களா? மேட்டுத் தெரு கீழ்த் தெருன்னா தண்ணி பாத்துச்சு? எங்க ஊட்லயும் முழங்கால் தண்ணி."

வசனம் வாசிக்கும் முறை என்னிடம் வந்தது. மனைவி வழக்கம் போல வேதத்தைக் கையில் எடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். வெள்ளம் வடியும்போது புறா பச்சை இலையோடு திரும்பி வரும் வசனத்தை எழுந்து நின்று நானே வாசித்தேன். வாசித்து முடித்தும் உட்காரவில்லை.

"உலகம் முழுக்க வந்துச்சான்னு எனக்குத் தெரியாதுங்க. நான் படிக்காதவன். ஆனா உங்க ஊட்டுக்கு வரலைங்க" என்றேன்.

பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்து, கூடு தெரிய அவர் முன்னால் ஸ்டூலில் வைத்தேன். அட்டையைப் போதகரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். மோட்டார் இருந்த இடம், மேடையின் உயரம், மூன்று படி எல்லாவற்றையும் சொன்னேன். ஊருக்குத் தெரிந்த இடம்தான். அந்தக் கூட்டத்துக்கு வந்த எல்லோரும் அந்த மோட்டாரைத் தாண்டித்தான் வந்திருந்தார்கள்.

"குளவிங்க இது. எங்க வேணும்னாலும் கட்டும். உங்க கடையில கட்டியிருக்கும்" என்றார் மூப்பர்.

"குஞ்சு பொரிச்சுப் பறந்துபோன கூடுங்க. கடையில கெடந்த ரெண்டு மூணு வாரத்துல கட்டிப் பொரிச்சிருமா? நனைஞ்சும் கரையலைங்கிறீங்களா?"

கூட்டில் பாதியை உடைத்துப் பக்கத்தில் இருந்த தண்ணீர் டம்ளரில் போட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, டம்ளருக்கு அடியில் வெறும் சேறு. மூப்பரின் மனைவி எழுந்து வந்து, "குடுங்க, கழுவி வெக்கிறேன்" என்று டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கணவரைப் பார்க்கவில்லை.

போதகர், "அண்ணா, உக்காந்து பேசலாங்க. மன்னிக்கிறதுதான பெருசு" என்றார்.

"அவரு ஒரு வார்த்தை சொல்லட்டுங்க, உக்கார்றேன். தண்ணி வரலைன்னு சொல்லட்டும். ஓடையை மூடினது நான்தான்னு சொல்லட்டும்."

மூப்பர் தரையைப் பார்த்தார். "வரலைங்க" என்றார். பிறகு, "நாந்தான் மூடினேன்" என்றார்.

"வாசல்ல இருக்கிறவங்களுக்குக் கேக்கலைங்க" என்றேன்.

எழுந்து நின்று மறுபடியும் சொன்னார். எனக்கு இரக்கம் வரவில்லை. என் அம்மா சமையல் மேடையில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். இவர் நின்றது நான்கு நிமிடம் இருக்காது. இன்னும் கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

கீழ்த் தெருக்காரர் ஒருவர் ஓடிப்போய் மனுவை எடுத்துவந்தார்; அது அங்கேயே சுற்றி வந்தது. மேட்டுத் தெருக்காரர்கள் ஒவ்வொருவராகப் போட்டார்கள். கடைசியில் மூப்பரும் போட்டார்.

வெளியே வந்ததும் நார் கம்பெனி அக்கா என்னைப் பாராட்டுவாள் என்று நினைத்தேன். "இதை எட்டு மாசமா டப்பாவுல போட்டு வெச்சிருந்தீங்களா?" என்று கேட்டாள். "கார்த்திகையிலயே காட்டியிருந்தா இந்நேரம் ஓடையைத் தோண்டியிருப்பாங்கல்ல. இப்ப மழைக்கு மூணு மாசந்தான் இருக்குது. உங்க கோவம் உங்களுக்கு, எங்க புள்ளைக்குட்டி எங்களுக்கு." என் பதிலுக்கு நிற்காமல் நடந்துவிட்டாள்.

அவள் சொன்னது சரிதான். எனக்கு ஓடையைவிட அந்தச் சாயங்காலம்தான் பெரிதாக இருந்தது. தெரிந்தேதான் காத்திருந்தேன். மறுபடி அப்படி ஒரு நிலை வந்தாலும் காத்திருக்க மாட்டேன் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தாலுக்கா ஆபீஸ் விடுமுறை என்பதால் மனுவைக் கொடுக்க முடியவில்லை. மூப்பர் ஆராதனைக்கு வரவில்லை. மத்தியானம் சிறிது நேரம் தூறிவிட்டு நின்றது.