நான் திருத்திய இறந்தகாலம்

எழுபதுகளில் திருகோணமலையில் ஆங்கிலம் படிப்பித்தேன். ஒருநாள் நாற்பது கட்டுரைக் கொப்பிகள் திருத்திக் களைத்திருந்தேன். இறக்கக்கண்டி மீனவக் கிராமத்திலிருந்து வரும் ரீட்டா, 'என் தந்தை' கட்டுரை முழுவதையும் இறந்தகாலத்தில் எழுதியிருந்தாள். இலக்கணப் பிழையென்று நினைத்து, ஒவ்வொரு 'வாஸ்'ஐயும் வெட்டி 'இஸ்' போட்டு, திருப்பி எழுதச் சொன்னேன்.

மறுநாள் அப்படியே எழுதிவந்தாள்.

"இப்பதான் சரி" என்றேன்.

பக்கத்திலிருந்த பிள்ளை மெதுவாகச் சொன்னாள்: "டீச்சர், இவட அப்பா போன மாசம் கடலில மூழ்கி மோசம் போயிட்டார்."

"நீர் முதல் எழுதினதுதான் சரி, பிள்ளை. தாரும், மாத்திவிடுறன்" என்று கை நீட்டினேன்.

ரீட்டா கொப்பியைத் தரவில்லை.

"வேண்டாம் டீச்சர். இப்பிடி வாசிக்க நல்லாயிருக்கு."

களைப்பினால் வந்த பிழை என்று எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்க எவ்வளவு நேரம் எடுத்திருக்கும்?