காகத்துக்கு வைக்காத பாண்

கண்டி றோட்டால் விறகு ஏற்றப் போகிற லொறிக்காரர் எங்கள் தம்பலகாமத்து வீட்டுப் படலையில் ஒருநாளும் நிறுத்தியதில்லை. அன்று நிறுத்தினார். இறங்காமலே சொன்னார்: "அம்மா, பாலையூற்றிலை உங்கடை சம்பந்தியம்மா விடியக்காலமை மோசம் போட்டாவாம். திரும்பி வரேக்கை உங்களை ஏத்திக்கொண்டு போறன். வெளிக்கிட்டு நில்லுங்கோ."

அடுப்பில் அரிசி கொதித்துக்கொண்டிருந்தது. அதை இறக்கவும் தோன்றாமல் படலையைப் பிடித்தபடி நின்றேன்.

காலஞ்சென்ற பூரணம் அம்மா என் மகள் கமலத்தின் மாமியார். அவருடைய தம்பியார் இந்த நினைவுப் புத்தகத்துக்கு என்னிடம் ஒரு பக்கம் கேட்டார். யுத்தத்தால் கடதாசி கிடைக்காத காலம், சுருக்கமாக எழுதுங்கள் என்றும் சொன்னார். இரங்கற் பாட்டுப் பாட வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், கண்டதையும் கேட்டதையும்தான் எழுத முடியும். ஆனால் பூரணம் அம்மாவுக்குப் புத்தி பேதலித்திருந்தது என்று சாவீட்டிலேயே இரண்டு பேர் கதைத்தது என் காதில் விழுந்தது. அதனால் ஒரு பக்கத்தோடு நிற்க மாட்டேன்.

அவரை நான் முதலில் கண்டது பெண் பார்க்க வந்த அன்று. வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி. கணவரைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, ஒரே மகனைக் கைக்குழந்தையிலிருந்து தனியாக வளர்த்தவர். திருகோணமலைக் கரையில் சொந்த வீடு. எங்களுக்கு வயலும் மாடும் உண்டு என்ற எண்ணம் எனக்கு இருந்தது, மறைக்கவில்லை.

"எங்கடை பிள்ளை நெல்லுக்கை வளந்தவள். கடற்காத்து ஒத்துக்கொள்ளுமோ தெரியாது" என்றேன்.

"கடற்காத்துக்கு ஒருத்தரும் இருமினதில்லை" என்றார் அவர். "நெல்லுத் தூசிக்குத்தான் இருமிறவை."

அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் பேச்சு அப்படித்தான். ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுத்ததில்லை.

மருமகன் தேவன் துறைமுகத்தில் வெள்ளைக்காரக் கடற்படை அதிகாரிகளின் சாப்பாட்டுக் கூடத்தில் குசினி வேலை பார்த்தார். கல்யாணத்துக்குப் பிறகு நான் மகளைப் பார்க்கப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மருமகன் அடுப்படியில் நின்றார். "மாமி, இண்டைக்குக் கப்பல் சாப்பாடு" என்று சிரித்தார். அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயரும் சொன்னார். பூரணம் அம்மா அதைப் பொரிச்ச பாண் என்றுதான் சொன்னார். பிறகு எல்லோரும் அப்படியே சொன்னோம்.

கப்பலில் பேக்கரிப் பாணில் இரண்டு துண்டு வெட்டி, நடுவில் பன்றி இறைச்சியும் சீஸும் வைத்து, முட்டையும் பாலும் அடித்ததில் தோய்த்து, வெண்ணெயில் பொரித்து, மேலே சீனித் தூள் தூவி, பக்கத்தில் ஜாம் வைத்துக் கொடுப்பார்களாம். பன்றி தன் வீட்டு வாசல் தாண்டாது என்று தாயார் சொல்லிவிட்டார். ஆகவே அவித்து உதிர்த்த அறக்குளா மீனில் மிளகும் உப்பும் பிசறி வைத்தார் மருமகன். பசுப்பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால், வெண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய். ஜாமுக்கு விளாம்பழமும் சர்க்கரையும் காய்ச்சியது. சீஸ் மட்டும் கப்பல் டின்னில் வந்தது.

பூரணம் அம்மா மிளகாய்த்தூள் போத்தலோடு கிட்டப் போனார்.

"அம்மா, இதுக்கு மிளகாய்த்தூள் கூடாது."

"ஏன், கப்பலிலை ஒருத்தருக்கும் நாக்கு இல்லையோ?"

"சீனியெல்லோ போடப்போறன்."

"மீனுக்கு மேலை சீனியோ!" என்று நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டோம். நாங்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான். அதுவும் நிலைக்கவில்லை. பூரணம் அம்மா ஒரு கடி கடித்தார், கண்ணை மூடினார், பிறகு முழுவதையும் சாப்பிட்டார். நான் எனக்கு விரதம் என்றேன்.

"ஞாயித்துக்கிழமையிலை என்ன விரதம் சம்பந்தி?"

"சூரியனுக்கு."

"சூரியன் மீன் தின்ன வேண்டாமெண்டு வந்து சொன்னதோ?"

அடுத்தடுத்த ஞாயிறுகளில் மகனை அடுப்படியிலிருந்து கலைத்துவிட்டுத் தானே பொரித்தார். அவருக்கென்று முறைகள் வைத்திருந்தார். பாண் முதல் நாளே வாங்கியதாக இருக்க வேண்டும், புதுப்பாண் பாலைக் குடித்து உடைந்துவிடும். ஓரங்களைப் பெருவிரலால் சுற்றிவர அமத்த வேண்டும், இல்லாவிட்டால் மீன் எண்ணெய்க்குள் இறங்கிவிடும். ஒருதரம்தான் பிரட்ட வேண்டும். "சீனி அடுப்பிலை இருந்து இறக்கினாப் பிறகுதான். எண்ணெய்க்கை விழுந்த சீனி கரி" என்பார். இவ்வளவும் எனக்குத் தெரியும். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். வாயில் மட்டும் வைக்கவில்லை.

பிறகு உலக யுத்தம் எங்கள் துறைமுகத்துக்கும் வந்து, குண்டு விழுந்தது. விமானங்கள் வந்த காலை மருமகன் பாண் பெட்டிகளோடு படகில் ஏறி, நங்கூரமிட்டிருந்த ஒரு கப்பலுக்குப் போயிருந்தார். படகும் இல்லை, அதில் போனவர்களும் இல்லை. துறைமுகத்தில் கேட்டால், தேடுகிறோம் என்றார்கள். பட்டினம் முழுக்க மூட்டை முடிச்சோடு றோட்டில் நின்றது. கமலம் அப்போது வயிற்றுப் பிள்ளைக்காரி. மாமியும் மருமகளும் பாதித் தூரம் நடந்தும் மீதித் தூரம் மாட்டு வண்டியிலும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். பூரணம் அம்மாவின் மூட்டையை இறக்கினேன், கனத்தது. உள்ளே இருந்தது பொரிக்கிற இரும்புத் தாச்சி.

"ஏன் சம்பந்தி, எங்கடை வீட்டிலை தாச்சி இல்லையோ?"

"உங்கடை தாச்சிக்குக் குழி கூட. அவன் வந்தால் இதிலைதான் பொரிக்க வேணும்."

மருமகன் வரவில்லை. கிழமைகள் போயின. என் கணவரின் தமையனார் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். உடல் கிடைக்காவிட்டால் தருப்பையில் உருச்செய்து எரிக்கலாம், எட்டாம் நாள் படைக்கலாம், இல்லாவிட்டால் ஆத்துமா கரையேறாது என்றார். எங்கள் பக்கத்து வழக்கம், எட்டாம் நாள் இறந்தவருக்கு விருப்பமானதை எல்லாம் சமைத்து, மீன் இறைச்சி சுருட்டு என்று பாராமல், இலையில் வைப்பது. பிறகு காகத்துக்கு வைப்பது. அது நடந்தால் இறந்தது இறந்ததுதான். மனைவியின் தாலி இறங்கும், பொட்டு அழியும்.

"பெடியனுக்கு விருப்பமான அந்தப் பொரிச்ச பாணையும் செய்து வையுங்கோ" என்று தமையனார் அன்பாகத்தான் சொன்னார்.

பூரணம் அம்மா சுவரோடு சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார். "நான் அவன் வந்து தின்னுறதுக்குப் பொரிப்பன். படைக்கிறதுக்குப் பொரிக்க மாட்டன்."

"ஊர் என்ன கதைக்கும் சம்பந்தி?" என்றேன்.

"கதைக்கட்டும். ஊருக்கென்ன? அழியிற பொட்டு ஊராற்றை பிள்ளையளின்ரை நெத்தியிலையோ இருக்கு?"

பெரியவர்கள் எழுந்து போனார்கள். கமலம் உள் அறையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் நெற்றியில் பொட்டு அப்படியே இருந்தது.

அன்றிலிருந்து ஞாயிறு தவறவில்லை. பூரணம் அம்மா பொரித்து, மகனுக்கென்று ஒன்றை எடுத்துத் தட்டால் மூடி வைப்பார். மறுநாள் காலையில் திறப்பார். சீனி இளகி, பாண் நனைந்து, குளிர்ந்து போயிருக்கும். அடுப்படியில் குந்தியிருந்து தானே அதைச் சாப்பிடுவார். ஒரு துணுக்கையும் வெளியே போட மாட்டார். ஒருநாள் காகம் ஒன்று ஓரத்தைக் கொத்திக்கொண்டு பறந்தது. அந்த வயதில் கம்பை எடுத்துக்கொண்டு கிணற்றைச் சுற்றி, மாட்டுக் கொட்டிலைச் சுற்றித் துரத்தினார். காகம் பயந்து போட்டதை மண்ணிலிருந்து பொறுக்கி மடியில் முடிந்த பிறகுதான் மூச்சு விட்டார். பார்த்தவர்கள் அன்றுதான் விசர் என்று சொல்லத் தொடங்கினார்கள்.

"காகம் தின்னால் படைச்ச மாதிரித்தானே" என்றார் என்னிடம். அதில் என்ன விசர் இருக்கிறது?

பெண் பிள்ளை பிறந்தது. கரை வீடு படையினரின் முள்ளுக் கம்பிக்குள் போய்விட்டபடியால் பாலையூற்றில் ஒரு வீடு எடுத்து, மருமகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு கல்யாண வீட்டில் குங்குமத் தட்டோடு வந்த பெண் கமலத்தைக் கண்டதும் தட்டை இழுத்துக்கொண்டாள். நானும் அங்கே இருந்தேன். கண்டும் காணாதவள் மாதிரிப் பேத்தியின் சட்டையை இழுத்துவிட்டேன். பூரணம் அம்மா எழுந்து போய்த் தட்டில் விரலைத் தொட்டு மருமகளின் நெற்றியில் வைத்தார். கைம்பெண் கை குங்குமத்தில் பட்டுவிட்டது என்று சபை குழம்பியது.

"என்ரை கை பட்டது பாவமெண்டால் அது என்னோடை போகட்டும்" என்றார். "எழும்பு பிள்ளை, பந்திக்குப் போவம்." பந்தியில் இருந்து, பாயசம் வரை சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தார்.

போன மாரிக்கு நான் அங்கே போய் நின்றேன். பாண் கறுத்த மாவில் வந்தது, வண்டும் இருந்தது. சீஸ் டின்னை மறந்து நெடுநாள். சீனி கூப்பனுக்கு. கிழமை முழுக்க வெறுந்தேத்தண்ணி குடித்து, ஞாயிற்றுக்கிழமைப் பாணுக்கு மேலே தூவ ஒரு கரண்டிச் சீனி சேர்த்து வைத்திருந்தார். மழை கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் பாணைப் பிரட்டும்போது கேட்டேன்:

"உண்மையைச் சொல்லுங்கோ சம்பந்தி. அவர் வருவாரெண்டு நினைக்கிறியளோ?"

அடுப்பைப் பார்த்தபடியே பூரணம் அம்மா கேட்டார்: "உங்கடை மகளுக்கு என்ன வயசு?"

"இருபத்திரண்டு."

"எனக்குப் பொட்டழிக்கேக்கை அதுதான் வயசு. பிறகென்ன கேள்வி?" என்றார். பாணை இறக்கி வைத்து, சீனியைத் தூவினார். அந்தக் கதையை நாங்கள் பிறகு எடுக்கவில்லை.

காய்ச்சல் ஒரு கிழமைதான். கமலத்திடம் கடைசியாகச் சொன்னது, "ஞாயிறு வருது, பாணை முதல் நாளே வாங்கி வை" என்பது. நான் லொறியில் போய்ச் சேர்ந்தபோது குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். பெருவிரல் நகத்தோரம் எண்ணெய் சுட்ட பழைய தழும்பு கறுப்பாகத் தெரிந்தது. கொள்ளி வைக்க மகன் இல்லாமல் தம்பியார் வைத்தார்.

எட்டாம் நாள் வந்தது. கணவாய்க் கறி, இறால் பொரியல், சொதி, வெற்றிலை, எல்லாம் அவருக்கு விருப்பமானபடி நான்தான் சமைத்தேன். இலை போடும்போது என் கணவரின் தமையனார் சொன்னார்: "பக்கத்திலை மகனுக்கும் ஒரு இலையைப் போடுங்கோ. தாயோடை சேத்துப் படைச்சுவிடுவம். இனி மறிக்க ஆருமில்லை."

கமலம் குசினி வாசலில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். தமையனாரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"நான் இருக்கிறன்" என்றேன்.

"என்ன சொல்லுறியள்?"

"மறிக்க நான் இருக்கிறன். ஒரு இலைதான்."

ஒரு இலைதான் போட்டோம். அதில் பொரிச்ச பாண் வைக்கவில்லை. அவருக்கு அது எவ்வளவு விருப்பம் என்று என்னைவிடத் தெரிந்தவர்கள் இல்லை. ஆனாலும் இலையில் வைத்தது காகத்துக்குப் போகும். அவர் கோபிக்க மாட்டார்.

ஞாயிறு வந்ததும் நான் அந்தத் தாச்சியை வைத்தேன். முதல் நாள் பாண். ஓரத்தைப் பெருவிரலால் அமத்தினேன். ஒருதரம் பிரட்டினேன். இறக்கிய பிறகுதான் சீனி தூவினேன். கமலமும் பிள்ளையும் சாப்பிட்டார்கள். ஒன்றைத் தட்டால் மூடி வைத்தேன்.

மறுநாள் காலையில் திறந்தேன். பாண் நனைந்து குளிர்ந்திருந்தது. வேலியில் காகம் ஒன்று தலையைச் சரித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. அடுப்படியில் குந்தி, மீனுக்கு மேலே சீனி போட்ட அந்தப் பாணை முதல்முதலாக வாயில் வைத்தேன். முதலில் இனித்தது. பிறகு உப்புக் கரித்தது. ஒரு துணுக்கும் விடாமல் சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன்.

சம்பந்தி, நிம்மதியாகப் போங்கள். தாச்சி அதன் இடத்தில் இருக்கிறது. ஞாயிறுகளில் நான் வந்துவிடுவேன்.