மூன்றாவது ஃபிரெட்டில் ஒரு கப்போ

எழுதிப் பழக்கமில்லாதவன் நான். ஓ.எல். பரீட்சையோடு படிப்பு நின்றது. வாய் திறந்து சொல்லவேண்டிய இடத்தில் சொல்லாமல் விட்டு, இப்போது தாளில் சொல்ல வருகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். கிற்றார் படிப்பிக்க வரும் இளையவர்களுக்காக இது.

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு இசை வகுப்பில் பதினெட்டு வருடம் படிப்பித்தேன். அங்கே கொட்டாஞ்சேனையிலிருந்து பிலோமினா அக்கா வந்து சேர்ந்தார். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மகளின் கலியாணத்துக்கு ஐந்து கிழமை இருந்தது. இறந்துபோன கணவர் வீட்டில் பாடும் ஆங்கிலக் கன்ட்ரி பாட்டு ஒன்றை, அன்றைக்கு மகளுக்கு முன்னால் தானே வாசித்துப் பாடவேண்டும் என்று ஆசை.

முதல் கிழமை D, G, A என்ற மூன்று கோர்ட் பிடிகளைப் பழக்கினேன். நன்றாகப் பிடித்தார். ஆனால் பாட்டு இருந்தது F சுருதியில். F பிடிக்க ஆட்காட்டி விரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே அழுத்தவேண்டும். அக்காவின் விரல் மூட்டுகள் வீங்கியவை.

கிற்றாரின் கழுத்தில் ஃபிரெட் என்ற கம்பிக் கட்டுகளில் மூன்றாவதில் கப்போ என்ற இடுக்கியை மாட்டினால், அந்த D, G, A பிடிகளே போதும். பாட்டின் F சுருதி மாறாது. கப்போ என் பையில் இருந்தது. வகுப்பின் முதலாளி அதைத் தொடவிடமாட்டார்.

"கப்போ கள்ள வேலை மாஸ்டர். எங்கட ஆக்களுக்கு F பிடிக்கத் தெரியாதெண்டு சனம் சிரிக்கும்."

தலையாட்டினேன்.

"இது கிற்றாரோ, துருவலையோ மாஸ்டர்? விரல் தேங்காய்ப்பூவாப் போச்சு" என்று அக்கா சிரிப்பார். ஐந்தாம் கிழமை சிரிக்கவில்லை.

முதலாளி வந்து பார்த்தார். "அக்கா, நீங்க சும்மா பிடிச்சுக்கொண்டு இருங்கோ. மாஸ்டர் திரைக்குப் பின்னால வாசிப்பார். நான் வீடியோ எடுத்து பேஸ்புக்கில போடுறன். ஆருக்குத் தெரியப்போகுது?"

"என்ர பிள்ளையையே ஏமாத்தச் சொல்றீங்களோ?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். அடுத்தவரின் விரல் நோவு தெரியாத மனிதர் முதலாளி. தெரிந்தும் பேசாமல் நின்றவன் நான். யாரை முதலில் ஏசுவது?

F கடைசிவரை வராததால் அக்கா வேறு வழியின்றி ஒத்துக்கொண்டார். கலியாண மண்டபத்தில் திரைக்குப் பின்னால் எனக்குக் கதிரை போட்டிருந்தார்கள். நான் அதில் இருக்கவில்லை. நேரே மேடைக்குப் போய் அக்காவின் கிற்றாரில் கப்போவை மாட்டினேன்.

"D, G, A. முதல் கிழமை பிடிச்சதுதான்."

அக்கா கம்பிகளை ஒருமுறை தட்டிப் பார்த்தார். "இவ்வளவுதானோ? இத ஏன் மாஸ்டர் அப்பவே சொல்லேல்ல?"

நான் மைக்கை அவர் பக்கம் திருப்பினேன்.

வீடியோ எடுக்க முன்னால் நின்ற முதலாளி போனைத் தாழ்த்தினார். "கழட்டுங்கோ அதை!"

"ஏலாது சேர்."

அக்கா ஆறுதலாக, அவசரப்படாமல் வாசித்தார். A-க்கு மாறும்போது இரண்டு இடத்தில் நின்று, திரும்பத் தொடங்கினார். கடைசி அடிகளை மகள் பக்கத்தில் வந்து நின்று சேர்ந்து பாடினாள்.

பாட்டை வாசிப்பவரின் கைக்கு ஏற்றபடி அமைத்துக் கொடுங்கள். வழி தெரிந்தால் முதல் நாளே சொல்லுங்கள், யார் முறைத்தாலும். நான் அதை ஐந்து கிழமை விழுங்கினேன்.

அடுத்த நாள் வகுப்புக்குப் போனேன். நேர அட்டவணையில் என் பெயர் இல்லை.