பதினோரு வீடு குறைவாக ஒரு ஊர்

இதை எழுதலாமா, வேண்டாமா என்று ஒன்றரை வருஷத்துக்கு மேல் யோசித்துவிட்டேன். இந்தப் பத்தியில் நான் எழுதாததா? உப்புப் பாத்தியில் கால் வெடித்தது, மாடு தொலைந்தது, மருமகன் வந்து மூன்று வாரம் தங்கியது... எல்லாம் எழுதினேன். இது மட்டும் பேனா வரைக்கும் வந்து வந்து திரும்பிப் போனது.

போன வாரம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் வீடு தேடி வந்தார். ஆண்டுவிழா மலரில் போட ஊர் வரலாறு வேண்டுமாம். "நீங்க ஏற்கெனவே ஒரு நோட்டுல எழுதி வச்சிருக்கீங்களாமே, அதையே குடுங்க சார்" என்றார்.

எட்டாவது ஃபெயில் ஆனவனை ஹெட்மாஸ்டர் சார் என்கிறார். உள்ளே என் மனைவி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கேட்டது அந்த நோட்டை ஆயிற்றே!

சுனாமிக்கு அடுத்த மாதம் எழுதியது அது. மரக்காணத்து உப்பளத்தை ஒட்டிய ஊர் எங்களுடையது. சாமி புண்ணியத்தில் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பாத்தியெல்லாம் சேறு. கால்வாய் ஓரத்தில் இருந்த குடிசைகள், இருந்த இடமே தெரியவில்லை.

உதவி செய்கிற அமைப்பு ஒன்றிலிருந்து ஜீப்பில் ஒரு தம்பி வந்தார். "ஊரைப் பத்தி ரிப்போர்ட் வேணும். வரலாறு, பூகோளம், மக்கள்தொகை — மூணு தலைப்பு. குடும்பம் குடும்பமா பேர் வேணும். அத வச்சித்தான் வீடு போனவங்களுக்கு வீடு. வெள்ளிக்கிழமை வர்றேன்" என்றார்.

ஊர்த் தலைவர் என்னைப் பார்த்தார். "ஏம்பா தேவராசு, உன் கையெழுத்து முத்து முத்தா இருக்குது. மாரியம்மன் கோயில் நோட்டும் உங்கிட்டதான் இருக்குது. நீயே எழுதிடு."

உப்பள மேஸ்திரிக்கு வரலாறு எழுதும் வாய்ப்பு வாழ்நாளில் எத்தனை தடவை வரும்?

வரலாறு நாலு பக்கம் வந்தது. ஆத்தா வெள்ளத்தில் மிதந்து வந்து எங்கள் ஊர் மணலில் ஒதுங்கிய கதையே மூன்று பக்கம். பூகோளம் இரண்டு பக்கம். கிழக்கே கடல், மேற்கே கால்வாய், நடுவே உப்பு என்று எழுதினேன். அதற்கு முந்தின மாதம் கடல் மேற்கேயும் இருந்தது, அதை எழுதவில்லை.

மக்கள்தொகைக்கு வரும்போது வெள்ளிக்கிழமை காலை ஆகிவிட்டது. ஜீப் சத்தமும் கேட்டுவிட்டது. வீடு வீடாகப் போக ஏது நேரம்? கோயில் நோட்டைத் திறந்தேன். தலைக்கட்டு வாரியாக, அதாவது குடும்பம் குடும்பமாக, எல்லா வீட்டுப் பேரும் வரிசையாக இருந்தது. அப்படியே இறக்கினேன். அரைப் பக்கம் மிச்சம்கூட ஆனது.

பத்து நாள் கழித்துப் பள்ளிக்கூட மைதானத்தில் பேர் வாசித்தார்கள். பேர் வந்தவருக்கு இப்போதைக்குத் தார்ப்பாயும் அரிசியும், பிற்பாடு வீடு. ஒவ்வொருவராக வாங்கிப் போனார்கள். கடைசியில் காசியம்மாள் அக்கா மட்டும் நின்றார். அக்காவுக்குக் கால்வாய் ஓரத்துக் குடிசை, இரண்டு பெண் பிள்ளைகள், எங்கள் பாத்தியில் உப்பு வாரும் வேலை. புருஷன் ஏழுமலை தவறிப் பல வருஷம்.

"இல்லையேம்மா" என்றார் ஜீப் தம்பி.

"நல்லா பாருப்பா. நான் என்ன கூனிமேட்லயா இருக்கேன்? நேத்துகூட இங்கதான் சேறு வாரினேன்."

"உங்க ஊர்ல எழுதிக் குடுத்த லிஸ்ட்தாம்மா இது."

தலைவர் என்னைப் பார்த்தார். நான் கோயில் நோட்டை நினைத்தேன்.

எங்கள் ஊரில் ஆடி மாதம் ஆத்தாளுக்குக் கூழ் ஊற்ற ஒவ்வொரு தலைக்கட்டும் கேழ்வரகும் விறகும் கொடுக்க வேண்டும். புருஷன் போன வீட்டுக்கு அது கிடையாது. பாவம், அவர்களிடம் போய் என்ன கேட்பது என்று பெரியவர்கள் எப்போதோ நோட்டில் பேரை அடித்துவிட்டார்கள். இரக்கம்தான். அந்த இரக்கத்தில் பதினோரு வீடு ஊரிலேயே இல்லாமல் போயிருந்தது. காசியம்மாள் அக்காவைப் போலவே குடிசை போன இன்னும் பத்துப் பெண்கள் பேர் வராமல் அதற்குள் திரும்பிப் போயிருந்தார்கள்.

இதை அங்கேயே சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது: "ஆஃபீஸ்ல டைப் அடிக்கும்போது விட்டுட்டாங்க போல."

பொய். நெற்றியில் விபூதி இருக்கும்போதே சொன்னேன்.

அதைவிடக் கஷ்டம், அக்கா நம்பியது. "அதானே! தேவராசு சரியாதான் எழுதியிருப்பான். டைப் அடிச்சவன் கை விளங்குமா?" என்று மண்ணை வாரித் தூற்றினார்.

பிள்ளைகளோடு அவர் தங்கியது எங்கே? மாரியம்மன் கோயில் மண்டபத்தில். தினமும் விளக்கு ஏற்றுவது யார்? நான். ஏற்றும்போதெல்லாம், "ஆத்தாகிட்ட எனக்கும் சேத்து சொல்லுப்பா" என்பார். கூடவே டைப் அடித்தவனுக்குப் புதுசாக ஒரு சாபம்.

நாலு நாள் தாங்கினேன். ஐந்தாம் நாள் கற்பூரம் ஏற்றி ஆத்தாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திரும்பி, மண்டபத்தில் பாய் சுருட்டிக்கொண்டிருந்த அக்காவிடம் சொன்னேன்.

அக்கா பாயைக் கீழே வைத்தார். "அப்போ நாலு நாளா உன் கைக்கா சாபம் உட்டேன்?"

"ஆமாங்க்கா."

"அதான் ஒண்ணும் பலிக்கல. ஆளு தெரியாம உட்டா எப்படிப் பலிக்கும்?"

"என் தார்ப்பாய எடுத்துக்கோங்க்கா..."

"உன் தார்ப்பாய் எவளுக்குடா வேணும்? லிஸ்ட்ல என் பேரு வேணும். சட்டைய மாட்டு, கெளம்பு."

மரக்காணம் பஸ்ஸில் பதினோரு பெண்கள், நடுவில் நான். கண்டக்டர், "என்னம்மா, எதாவது கல்யாணமா?" என்றார்.

"கருமாதி. இவனுக்கு" என்றார் அக்கா. பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

ஜீப் தம்பியின் ஆஃபீஸில் நல்ல நேரமோ கெட்ட நேரமோ, லிஸ்ட் அன்று சாயங்காலம் சென்னைக்குப் போவதாக இருந்தது. அங்கிருந்தவர், "திடீர்னு பதினோரு வீடு எப்படிங்க சேக்கறது? விட்டது யாருன்னு எழுத்துல வேணுமே" என்றார்.

பேப்பர் வாங்கினேன். "நான்தான் விட்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முத்து முத்தாகத்தான் இருந்தது.

அவர் ஃபாரத்தை எடுத்தார். "குடும்பத் தலைவர் பேர் சொல்லுங்க."

"ஏழுமலை" என்றேன். பழக்கம்!

அக்கா என்னை இடித்துத் தள்ளிவிட்டு முன்னால் வந்தார். "ஏம்பா, அந்த மனுசன் போயி ஒம்போது வருசமாவுது. அவருக்கு இப்ப எதுக்கு வீடு? என் பேரப் போடு."

"ஃபாரத்துல ஆம்பள பேர்தாம்மா வழக்கமா எழுதறது."

"வழக்கமா? இவன் வழக்கமா எழுதித்தான் நாங்க பதினோரு பேரும் பஸ் ஏறி வந்திருக்கோம்."

அவர் பேனாவை மூடினார். திறந்தார். காசியம்மாள் என்று எழுதினார். அடுத்த பத்துப் பேருக்கும் கேள்வியே கேட்கவில்லை.

வீடு கட்டி முடிய ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. இந்த வருஷம்தான் அக்கா பால் காய்ச்சினார். என்னையும் கூப்பிட்டார். டம்ளரைக் கையில் கொடுத்து, "எண்ணிக்கிட்டியா? பதினொண்ணும் இருக்குதா?" என்றார். இருந்தது.

சரி, இப்போது ஏன் எழுதுகிறேன்? ஹெட்மாஸ்டர் கிளம்பும்போது இன்னொன்று சொன்னார். "பதினோரு குடும்பத்துக்கு அலைஞ்சு வீடு வாங்கிக் குடுத்தவராச்சே நீங்க! அதையும் மலர்ல சேத்துடலாம்." ஊரில் இப்போது அப்படித்தான் பேச்சாம். நான் மறுத்தால், அடக்கம் என்கிறார்கள்.

ஊர் வரலாறு இப்படித்தான் உண்டாகிறது போலிருக்கிறது. ஆத்தாளைப் பற்றி நான் எழுதிய மூன்று பக்கத்தின் மேலும் லேசாகச் சந்தேகம் வருகிறது. ஆத்தா மன்னிக்க வேண்டும்.

அதனால் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். விட்டவன் தேவராசு, பொய் சொன்னவன் தேவராசு, வீடு வாங்கியது காசியம்மாள். ஒரு வார்த்தை கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம்.

மாற்றிச் சொன்னால் நான் ஒன்றும் செய்ய மாட்டேன்... அக்காதான் பஸ் ஏறி வருவார்.