குறைசொல்லி விற்ற குதிரை

ஊர் அவருக்கு வைத்த பெயர் குறைசொல்லி. குதிரைத் தரகருக்கு அது வசவு அல்ல, விளம்பரம். மற்ற தரகர்கள் குதிரையின் பெருமையைப் பாடி முடிப்பதற்குள் வாங்க வந்தவர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். இவரோ எடுத்த எடுப்பிலேயே, "பின்னங்கால் லாடம் சீக்கிரம் தேயும். தண்ணியைக் கண்டா அடம் பிடிப்பான். இப்பவே சொல்லிட்டேன்" என்பார். இவ்வளவு சொல்கிறவர் வேறெதை மறைக்கப்போகிறார் என்று நம்பி வாங்கிப் போவார்கள். உண்மையே பேசி, பொய்யர்களைவிட அதிகமாக விற்றவர்.

பந்தயக் குதிரை அவர் சரக்கல்ல. சாலையில் நடக்கும், வயலைச் சுற்றி ஓடும், குறுக்கே கிடக்கும் மரத்தைத் தாண்டும், ஒரு வாரம் சும்மா நிற்கவைத்தாலும் கோபித்துக்கொள்ளாது. எதிலும் பரிசு வாங்காது, எதிலும் மானத்தையும் வாங்காது. அப்படிப்பட்ட குதிரைகளைச் சுற்றுவட்டாரத்திலேயே வாங்கி, சுற்றுவட்டாரத்திலேயே விற்பார்.

புதன்கிழமை அப்படியொரு பழுப்புக் குதிரையை, ஓய்வுபெற்ற பிறகு சவாரி கற்றுக்கொண்ட கணக்கு டீச்சருக்கு விற்றார். குறைகளை ஒப்பித்த பின், வழக்கத்துக்கு மாறாக ஒரு நிறையையும் சேர்த்தார். "கூப்பிட்டா கழுத்தை முழுசா திருப்பிப் பார்ப்பான் டீச்சர். அவ்வளவு பாசம்."

சனிக்கிழமை காலியான லாயத்தைக் கழுவினார். குதிரை நேராக உள்ளே போய், பின்னடி வைத்தே வெளியே வரவேண்டிய குறுகலான இடம். அதன் வலது தூணில் மட்டும் தோள் உயரத்துக்கு மரம் வழவழவென்று தேய்ந்திருந்தது. பழுப்பு மயிர் கொத்தாக ஒட்டியிருந்தது. கையிலிருந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

சேணம் கட்டுவது, ஏறுவது, கயிற்றைப் பிடித்து நடத்துவது எல்லாமே குதிரைக்கு இடப்பக்கம் நின்றுதான். தொழிலில் யாருமே அவசியமில்லாமல் வலப்பக்கம் போவதில்லை. அவர் பல்லைப் பார்த்திருந்தார், நான்கு குளம்பையும் தூக்கிப் பார்த்திருந்தார். வலது கண்ணையும் ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தார். பளிங்கு மாதிரி இருந்தது. அதில் தன் முகம் தெரிந்ததால், அதற்கும் தன் முகம் தெரியும் என்று எண்ணிவிட்டார். அது கழுத்தைத் திருப்பியது இன்னொரு கண்ணால் பார்க்க.

மறுநாள் காலை டீச்சர் முதல்முறையாகத் தனியாக நெடுஞ்சாலையில் போவதாக இருந்தார். அங்கே லாரிகள் வலப்பக்கமாக முந்திப் போகும்.

அன்று மாலையே டீச்சர் வீட்டுக்குப் போனார். வாசலில் டீச்சரோடு, மரக்கடை வைத்திருக்கும் டீச்சரின் தம்பியும் நின்றிருந்தார்.

"நாளைக்கு ரோட்டுக்குப் போகாதீங்க டீச்சர். அவனுக்கு வலது கண்ணு தெரியல. பணத்தைக் கையோட கொண்டாந்திருக்கேன்."

தம்பி சிரித்தார். "எவன் கூட விலைக்குக் கேட்டான், அதைச் சொல்லுங்க முதல்ல."

"யாரும் கேக்கலைங்க."

"அன்னைக்குப் பதினொரு குறை சொன்னீங்க. மூணு நாள்ல பன்னிரண்டாவது முளைச்சிருச்சாக்கும்! விட்டுராதேக்கா. சரக்கு நல்லா இருந்தாத்தான் வித்தவன் திரும்பி வருவான்."

பன்னிரண்டாவது உண்மை இப்படி மதிப்பிழந்து நின்றது. குறைசொல்லி கைக்குட்டையை எடுத்து, வேலியோரம் கட்டியிருந்த குதிரையின் இடது கண்ணருகே சத்தமில்லாமல் கொண்டுபோனார். குதிரை வெடுக்கென்று தலையை இழுத்தது. வலப்பக்கம் போய் மெல்ல நீட்டினார். ஒன்றுமில்லை. இமை மயிரில் துணி பட்டதும்தான் நாலு காலும் தரையில் பாவாமல் துள்ளியது. தம்பி வேலிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

டீச்சருக்கு முகம் வெளுத்திருந்தது. "தெரிஞ்சேதான் வித்தீங்களா?"

ஆமாம் என்றால் பொய்யர். தரகருக்கு அது பொதுப் பட்டம், ஆறு மாதத்தில் மறந்துவிடுவார்கள். இல்லை என்றால் குதிரை பார்க்கத் தெரியாதவர். அதற்குப் பிறகு தொழிலே இல்லை.

"தெரியாது டீச்சர்."

"மறைச்சேன்னு சொல்லியிருந்தா திட்டிட்டு விட்டிருப்பேன். போன வருஷம் என் தங்கச்சி பொண்ணுக்கு ஒரு வெள்ளைக் குதிரை கொடுத்தீங்களே, அதையாவது ரெண்டு பக்கமும் பார்த்தீங்களா?"

அவர் பணத்தைத் திண்டில் வைத்துவிட்டுக் கயிற்றை அவிழ்த்தார்.

சாலைக்கு வந்ததும் குதிரைக்கு வலப்பக்கம் மாறிக்கொண்டார். பழக்கமில்லாத கையில் கயிறு நழுவிக்கொண்டே இருந்தது. லாரிகள் தோளை உரசுவதுபோல் போயின. வெள்ளைக் குதிரையை நினைத்துப் பார்த்தார். பிறகு அஞ்சல்காரர் வாங்கிய கறுப்பு, பேக்கரிக்காரர் மகளுக்குக் கொடுத்த புள்ளிக் குதிரை, அதற்கும் முந்தியவை. ஒவ்வொன்றும் நினைவில் தெளிவாக வந்து நின்றது, இடப்பக்கத்தைக் காட்டிக்கொண்டு.